அடுப்படிப் பேச்சு: மீன் ஆணத்துக்குப் பின்னால் மாம்பழம்



பெண்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், "உங்களுக்குப் பிடித்த சாப்பாடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் புரியாணி என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துவிடுவார்கள். அது கலியாண வீட்டுக்கு உடுத்திக்கொண்டு போகும் சாரியைப் போன்ற பதில். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். "வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, குசினியில் தனியே நின்று எதை எதோடு சேர்த்துச் சாப்பிடுவீர்கள்?"

அப்போதுதான் உண்மை வெளியே வரும். ஒருத்தி பாணுக்குள் வாழைப்பழத்தை வைத்து அமுக்கிச் சாப்பிடுவதாகச் சொல்வாள். இன்னொருத்தி நேற்றைய மீன் ஆணம் சுண்டிக் கிடக்கும் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டு, ஓரம் வரை வழித்துத் தின்பதாகச் சொல்வாள். மூன்றாமவள் வெட்கப்பட்டுக்கொண்டே, "மாங்காய்த் துண்டுக்கு உப்பு, மிளகாய்த்தூள், அதோடு கொஞ்சம் சீனி" என்பாள். உடனே மற்ற இருவரும், "நாங்களும்தான்!" என்பார்கள்.

இந்த மாதம் அப்படிப்பட்ட சேர்க்கைகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வெளியூரார் முகம் சுளிக்கும், உள்ளூரார் கேட்டதும் வாய் ஊறும் சேர்க்கைகள். எங்கள் ஏறாவூர்ப் பக்கத்தில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

ஊரை அறியாத சகோதரிகளுக்காக இரண்டு வரி. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே வந்தால் பதினைந்து கிலோ மீட்டருக்குள் ஏறாவூர். பக்கத்தில் வாவி, கொஞ்ச தூரத்தில் கடல், மேற்கே வயல்வெளி. ஊரைத் தாண்டியதும் செங்கலடி. மலைநாட்டிலிருந்து இறங்கும் பதுளை வீதி அங்கேதான் வந்து சேருகிறது. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோ மீட்டர் நீளமானது. பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு வாய் திறக்கிறது. மாரியில் நன்னீர் கூடும், கோடையில் உப்புக் கூடும். இப்படி உப்பும் இனிப்பும் மாறி மாறி வரும் தண்ணீரில் வளரும் இறாலுக்கும் நண்டுக்கும் திரளிக்கும் ஒரு தனி ருசி. ஆக, வாவியிலிருந்து மீன், வயலிலிருந்து அரிசி, மேய்ச்சல் தரையிலிருந்து தயிர், மலையிலிருந்து கித்துள் சர்க்கரை. இவ்வளவும் ஒரே குசினிக்குள் வந்து சேர்ந்தால் ஒன்றோடொன்று கலக்காமல் என்ன செய்யும்? (தமிழ்நாட்டுச் சகோதரிகள் கவனிக்க: நாங்கள் சர்க்கரை என்பது உங்கள் வெல்லம், கருப்பட்டி வகை. உங்கள் சர்க்கரை எங்களுக்குச் சீனி.)

முதலில் பிட்டு. வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, சுண்டால் கொத்தி, உதிரியாக்கி எடுக்க வேண்டும். பிறகு மூங்கில் குழலுக்குள் ஒரு பிடி தேங்காய்ப்பூ, அதன் மேல் மா, மறுபடி தேங்காய்ப்பூ, மறுபடி மா. ஆவி மேலே வந்ததும் தள்ளி எடுத்தால் சிவப்பும் வெள்ளையுமாக வரி வரியாக வந்து விழும். காலையில் அதை முதல் நாள் மீன் ஆணத்தோடு சாப்பிடத் தொடங்குவோம். நல்ல உறைப்பும் புளிப்புமான ஆணம். பாதி பிட்டு முடிந்ததும், அதே பீங்கானில், ஆணம் பட்ட அதே விரல்களாலேயே மாம்பழத்தைப் பிசைந்து, தயிரை விட்டு, சீனியோ சர்க்கரையோ தூவி மீதியை முடிப்போம். மாம்பழம் இல்லாத காலத்தில் வாழைப்பழம். "கையைக் கழுவிவிட்டுத் தின்னக் கூடாதா?" என்று கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கேட்டார். கழுவினால் அந்த ருசி வராது. உறைப்பின் கடைசி எரிச்சல் நாக்கில் இருக்கும்போதே இனிப்புப் போய் விழ வேண்டும்.

இந்தத் தயிரைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் தயிர் என்றால் எருமைத் தயிர். எருமைப் பாலில் கொழுப்பு ஏழு சதவீதத்துக்குக் குறையாது. பசுப்பாலில் நான்கு சதவீதம் இருந்தாலே நல்ல பால். அதனால்தான் சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாமல் நிற்கிறது. மண்சட்டியும் இதில் பங்கு வகிக்கிறது. சுட்ட மண்ணின் நுண்ணிய துளைகள் தயிரின் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சிவிடும். பிளாஸ்டிக் கோப்பையில் உறைய வைத்த தயிர் ஏன் அப்படி இல்லை என்று கேட்கும் மருமக்களுக்கு இதுதான் பதில்.

தயிருக்குப் பேர்போனது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை. சூரியன் படும் கரை என்பதால் அந்தப் பெயர். கிழக்கே இருப்பது எழுவான்கரை. படுவான்கரையில் பெரும்பாலும் தமிழ்க் கிராமங்கள். எழுவான்கரையிலோ ஒரு முஸ்லிம் ஊர், அடுத்து ஒரு தமிழ் ஊர் என்று கடற்கரை நெடுக மாறி மாறி வரும். இதைப் பார்த்துத்தான் எங்கள் மூத்தவர்கள் இரு சமூகத்தையும் "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று சொல்லி வைத்தார்கள். மேடைக்கு மேடை இதைச் சொல்லும் தலைவர்களில் எத்தனை பேர் ஒரு குழல் பிட்டாவது அவித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அவித்திருந்தால் ஒன்று விளங்கியிருக்கும். மாவை அழுத்தி அடைத்தால் ஆவி மேலேறாது, பிட்டு வேகாது. தளர்வாகப் போட வேண்டும். இது எந்தக் குமரிப் பிள்ளைக்கும் தெரியும்.

உவமை வெறும் உவமையில்லை, உறவும் கூட. முன்னொரு காலத்தில் முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை நடந்தபோது முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள் என்றும், வென்ற பிறகு முக்குவர் பெண்களை மணந்து இங்கேயே குடியிருந்தார்கள் என்றும் மட்டக்களப்புப் பகுதியில் வழிவழியாக ஒரு கதை உண்டு. பகைவர் மீண்டும் ஏறாத ஊர் என்பதால் ஏறாவூர் ஆயிற்று என்றும் சொல்வார்கள். கதை எவ்வளவு தூரம் வரலாறு என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் கிழக்கில் இரு சமூகத்திலும் தாய்வழிக் குடிமுறை இருப்பது கண்கூடு. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. கலியாணம் முடித்தால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடும் வளவும் மகளுக்கு.

இதைச் சமையலோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். மற்ற ஊர்களில் புது மருமகள் மாமியாரின் உப்புப் புளிக்குத் தன் கையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் உம்மாவின் அடுப்பிலேயே மகளும் சமைக்கிறாள். உம்மம்மாவின் கைப்பக்குவம் மூன்று தலைமுறைக்கு ஒரே வளவுக்குள் நிற்கிறது. மாற வேண்டியது மருமகனின் நாக்குத்தான்! காத்தான்குடியிலிருந்தோ கல்முனையிலிருந்தோ வந்த மருமகன், முதல் மாதம் மாமி வைத்ததை வாய் திறக்காமல் சாப்பிடுவார். இரண்டாம் மாதம், "எங்கட உம்மா மீனுக்கு மாங்காய் போடுவா" என்று மனைவியின் காதில் மெதுவாகச் சொல்வார். மூன்றாம் மாதம் மீனில் மாங்காய் மிதக்கும். மருமகனுக்குப் புளி பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் மாமி விடுவாரா? இப்படி வந்து சேர்ந்தவைதான் எங்கள் சட்டிகளில் பாதி.

கடலுக்கு அப்பால் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகும் இதே வழக்கம் உண்டு. சமையல் சொற்களும் உறவு கொண்டாடுகின்றன. நாம் குழம்பைச் சொல்லும் "ஆணம்" அங்கேயும் ஆணம்தான். ஏதோ அரபுச் சொல் என்று நம் பிள்ளைகளிலேயே சிலர் நினைக்கிறார்கள். இல்லை. குழம்பு என்ற பொருளில் தமிழ் அகராதியிலேயே இருக்கும் பழைய தமிழ்ச் சொல். மற்றவர்கள் கைவிட்டார்கள், முஸ்லிம்களின் அடுப்படி அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. காயல்பட்டினத்துக் களறிச் சாப்பாட்டில் நெய்ச்சோறும் இறைச்சியும் வைத்து, பக்கத்தில் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்த ஒரு கறியும், முடிக்கும்போது புளியாணமும் வைப்பார்கள். கொழுப்பான இறைச்சிக்குப் பக்கத்தில் புளிப்பும் இனிப்பும் ஏன் என்று சாப்பிட்டவர்களைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது முறை சோறு கேட்கும்போதே தெரிந்துவிடும்.

பெருநாள் காலையில் அவர்கள் இடியாப்பத்துக்கு வட்லாப்பத்தை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் ஏலமும் சேர்த்து அவித்த பண்டம். நாங்கள் அதை வட்டிலப்பம் என்போம். கித்துள் சர்க்கரை போடுவதால் எங்களுடையது கறுப்பு, அவர்களுடையது பொன்னிறம். எது அசல் என்று சண்டை பிடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் சாப்பிடக் கிடைத்தவர்கள் சண்டை பிடிப்பதில்லை.

மாசியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தேங்காய்ச் சம்பலில் மாசி இல்லாவிட்டால் எங்கள் வீடுகளில் அது சம்பலாகாது. காய்கறியிலும் மீன், கீரையிலும் மீன் என்று இந்தியாவிலிருந்து வந்தவர்கள் வியப்பார்கள். சுண்டல் கீரைக்குள்ளும் வாவியில் பிடித்துக் காயவைத்த கூனி கிடக்கும். (எங்கள் சுண்டல் கடலையில்லை. இலையை அரிந்து தேங்காய்ப்பூவோடு அடுப்பில் வாட்டுவது.) மாசி மாலைதீவின் சரக்கு. இப்னு பதூதா 1343, 1344ஆம் ஆண்டுகளில் அங்கே காழியாக இருந்தவர். மீனை நான்கு துண்டாக வெட்டி, அவித்து, ஓலைக்கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிட்டுக் காயவைப்பதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் போவதையும் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். ஒரு பெரிய ஆலிம், உலகத்தைச் சுற்றியவர், மாசிக் கருவாட்டின் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார்! சமையல் எழுதுவது பெண்கள் வேலை என்று சொல்லும் நம் வீட்டு ஆண்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

சேர்க்கைகளைப் பற்றிப் பேசும்போது, சேரக்கூடாதவை என்ற பட்டியலும் வரும். தயிரும் மீனும் சேர்ந்தால் உடம்பில் வெள்ளை படரும் என்று பயப்படும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. வெண்புள்ளி நோய் தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது. மீனும் தயிரும் அதற்குக் காரணமில்லை. அது தொற்றுவதும் இல்லை. இந்தப் பயத்தை நான் வெறும் சமையல் விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. வெண்புள்ளி உள்ள ஒரு பெண்ணைப் பார்த்து, "இவள் உம்மா எதையோ தின்றிருக்கிறாள்" என்று பேசும் வாய்கள் நம்மிடையே இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு வந்த சம்பந்தம் அதனால் தட்டிப் போகிறது. பேசாமல் இருங்கள் சகோதரிகளே.

மரவள்ளிக்கிழங்கோடு இஞ்சி சேரக்கூடாது என்பது இன்னொன்று. மரவள்ளியில் சயனைட் நஞ்சாக மாறக்கூடிய பொருள் உண்மையாகவே இருக்கிறது. ஆகவே எச்சரிக்கை வீணல்ல. ஆனால் இஞ்சியை விலக்கினால் மட்டும் நஞ்சு போய்விடாது. தோலை முழுவதும் உரித்து, துண்டாக்கித் தண்ணீரில் ஊறவிட்டு, மூடாத பாத்திரத்தில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைத் தூக்கி எறியுங்கள். பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கடிக்கக் கொடுக்காதீர்கள்.

நண்டுக் கறி இறக்கும் நேரம் ஒரு பிடி முருங்கையிலை போடுகிறோமே, அது ஏன்? நண்டும் இறாலும் சூடு, கிரந்தி, முருங்கையிலை அதைத் தணிக்கும் என்பார் என் உம்மம்மா. சூடு, குளிர்ச்சி என்ற இந்தக் கணக்கை இன்றைய வைத்தியர்கள் ஏற்க மாட்டார்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு எந்த இலையும் பாதுகாப்பாகாது, விலக்கத்தான் வேண்டும். ஆனாலும் கணக்கு மிகப் பழையது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பழுத்த பேரீச்சம்பழத்தை வெள்ளரிக்காயோடு சேர்த்துச் சாப்பிட்டதைப் பார்த்ததாக அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பேரீச்சம்பழத்தோடு தர்ப்பூசணி வகைப் பழத்தைச் சாப்பிட்டபோது, ஒன்றின் சூட்டை மற்றதன் குளிர்ச்சி தணிக்கும் என்ற கருத்தில் அவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. நோன்பு திறக்க அடுத்த முறை பேரீச்சம்பழம் வைக்கும்போது பக்கத்தில் நாலு துண்டு வெள்ளரிக்காயும் வைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பான இனிப்பும் நறுக்கென்ற பச்சைச் சாறும். பிட்டுக்கு மாம்பழமா என்று சிரிப்பவர்களுக்கும் கொடுங்கள்.

இனித் தயிருக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதைச் சொல்லாமல் எங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சொல்ல முடியாது. என் உம்மம்மா வீட்டுக்குக் கிழமையில் இரண்டு நாள் ஒரு தமிழ்ப் பெண் தயிர் கொண்டு வருவார். நாங்கள் தயிர்க்கார அக்கா என்போம், அவர் உம்மம்மாவை உம்மா என்பார். காசு கொடுத்ததை நான் கண்டதில்லை. அரிசி போகும், சில வேளை தேங்காய் போகும், போன கிழமைச் சட்டிகள் கழுவித் திரும்பப் போகும். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி இரவு ஏறாவூரில் 100க்கும் அதிகமான முஸ்லிம்கள், பெண்களும் பச்சைக் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். ஒரு மாதம் கூட ஆகவில்லை. செப்டெம்பர் 9ஆம் தேதி, எங்களுக்கும் மட்டக்களப்பு நகருக்கும் இடையிலுள்ள சத்துருக்கொண்டானிலும் பக்கத்துக் கிராமங்களிலும் 100க்கும் அதிகமான தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களிலும் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு யார் யார் வீட்டுக்குத் தயிர் கொண்டு போவது? வயலுக்குப் போக முடியவில்லை, சந்தைக்குப் போக முடியவில்லை. மாம்பழம் வளவில் காய்த்தது, பிட்டும் அவித்தோம், தயிர் மட்டும் இல்லை. பால்மாவைக் கரைத்து உறைய வைத்துப் பார்த்தார்கள். நாங்கள் பிள்ளைகள், வேண்டாம் என்று தள்ளிவிட்டோம்.

கொடுக்க வேண்டிய நான்கு வெறும் சட்டிகள் குசினியின் பின் திண்ணையில் கவிழ்த்தபடி கிடந்தன. யாரோ அவற்றில் கீரை நட எடுத்தபோது உம்மம்மா விடவில்லை. "அது நம்மட சாமானில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வருடங்கள் கழித்து அந்த அக்காவின் மகள் சைக்கிளில் தயிர் கொண்டு வந்தபோது, முதல் வேலையாக அந்தச் சட்டிகளைத்தான் எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பழைய சட்டியில் யார் இனித் தயிர் போடுவது என்ற முகத்தோடு வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். தாயைப் பற்றி உம்மம்மா கேட்டதும், அவள் சொன்னதும் பெரியவர்கள் பேச்சு. எங்களை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்குக் கடையில் தயிர் தாராளமாகக் கிடைக்கிறது. பதுளையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருபவர்கள் மட்டக்களப்புத் தயிர் என்று சட்டி சட்டியாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஆனால் வேலிக்கு மேலால் பீங்கான் போய் வருவது முன்னைப்போல் இல்லை. ஒரு பக்கம் பழைய பயம், இன்னொரு பக்கம் புதிய சந்தேகங்கள்: அவர்கள் கொடுத்ததைச் சாப்பிடலாமா, நாம் கொடுப்பதை அவர்கள் சாப்பிடுவார்களா? முன்னைய பெண்களுக்கு இதற்கெல்லாம் வழி தெரிந்திருந்தது. பொங்கலன்று தமிழ் வீடுகளில் சில அம்மாமார், படைப்பதற்கு முன்பே நமக்கென்று ஒரு பங்கை எடுத்து வேறாக வைத்து, "இது படைக்காதது" என்று சொல்லித் தருவார்கள். நாம் மாட்டிறைச்சி புழங்கும் சட்டி, அகப்பை படாமல் தனியே செய்த வட்டிலப்பத்தையோ தொதலையோ பெருநாளைக்கு அனுப்புவோம். முட்டை சாப்பிடாத வீடு என்றால் தொதல், அல்லது அரிசியும் பழமும். யார் எதை உண்பார்கள், எதை உண்ண மாட்டார்கள் என்று பக்கத்து வீட்டைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதே பாதி உறவு. இப்போது பக்கத்து வீட்டாரின் பெயரே தெரியாத மதில்கள் எழும்பிவிட்டன.

அடுப்படிக்குள்ளும் ஒரு இடைவெளி விழுந்திருக்கிறது. மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்துக்காக எத்தனை உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள்! வீடு எழும்பியது, குசினிக்கு டைல்ஸ் பதித்தாயிற்று, பிட்டுக் கொத்தக் காட்டிக் கொடுக்க உம்மா இல்லை. வேறொருவர் பிள்ளைகளுக்கு அங்கே கப்சா சமைத்துக் கொண்டிருந்தார். தாய்வழியாக வந்த பெரிய சொத்து எது, வீடா கைப்பக்குவமா என்று நாம் ஒரு முறையாவது நிதானமாக யோசிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கப் போவதில்லை. திரும்பி வந்த உம்மாமார் கப்சாவையும் மந்தியையும் கொண்டு வந்தார்கள். அதில் குற்றமில்லை. கப்சாவுக்குப் பக்கத்தில் மாசிச் சம்பல் வைத்துச் சாப்பிடும் வீடுகள் இப்போது எங்கள் ஊரில் உண்டு. அரபிகள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

2022ஆம் ஆண்டு ஞாபகம் இருக்கிறதா? இலங்கையில் சமையல் வாயு இல்லை, பால்மா இல்லை. செப்டெம்பரில் உணவு விலை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 95 சதவீதம் ஏறியிருந்தது. கைவிட்ட விறகடுப்பை மறுபடி மெழுகினோம். அந்த நாட்களில் வேலியோர முருங்கையும், ஒரு பிடி கூனியும், ஒரு தேங்காயும்தான் பல வீடுகளுக்குக் கறி. அப்போது சமைக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் பிள்ளைகள் ருசியாகச் சாப்பிட்டார்கள்.

கடைசியாக, சகோதரி ஒருவர் கேட்டிருந்த பாலாணம். அதற்கு முன் ஒரு ஹதீஸ். ஆணம் சமைத்தால் அதில் தண்ணீரைக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் (ஸல்) அறிவுறுத்தியது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. "தண்ணீரைக் கூட்டினால் ஆணம் ருசி கெட்டுப் போகாதா?" என்று கேட்பீர்கள். பாலாணத்தில் கெடாது, செய்கிற விதத்தில் செய்தால்.

ஒரு முழுத் தேங்காயைத் துருவி முதலில் கொஞ்சத் தண்ணீரில் தலைப்பாலை எடுத்துத் தனியே வையுங்கள். அதே பூவில் இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுங்கள். கூட்ட வேண்டிய தண்ணீர் இந்த மூன்றாம் பாலில்தான் கூட வேண்டும். மண்சட்டியில் அதை ஊற்றி, அரிந்த சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு துண்டு இரம்பை, மஞ்சள், உப்பு எல்லாம் போட்டுக் கொதிக்க விடுங்கள். மிளகாய்த்தூள் வேண்டாம். வெங்காயம் வெந்ததும் துண்டு மீனைப் போட்டு, இரண்டாம் பாலை ஊற்றுங்கள். மீன் வெந்த பிறகு தலைப்பால். ஊற்றியதிலிருந்து அகப்பையால் மெதுவாக அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருங்கள், பொங்க விடக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடுங்கள். தேசிக்காய்ப் புளியைச் சட்டி அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரிந்து போகும். இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகு பிழிந்து, ஒரு முறை கலக்கி, உப்புப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டிய கோப்பையை முதலில் ஊற்றி வையுங்கள். வீட்டுக்காரர்கள் உட்கார்ந்த பிறகு மிஞ்சாது.

வஸ்ஸலாம்.